மாப்பிள்ளை கொடுத்த பிராசசருக்கு ஒரு மதர்போர்டு

கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண் மேல் ஆணை. வலது கண்ணில் புரை எடுத்துவிட்டு லென்ஸ் வைத்திருக்கிறார்கள். அது என் சொந்தக் கண் இல்லை என்று நினைப்பவர்கள் இடது கண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முப்பத்தாறு வருடம் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை நிறுத்து எழுதியவன் நான். ஒரு கிலோ கூட்டிச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி, சரக்கோடு போனதைவிட அதிக எடை காட்டியது. டிரைவர் அழுதுகொண்டிருந்தார். அதையும் அப்படியே எழுதினேன்.

மனைவி போய்ப் பன்னிரண்டு வருடம். ஒரே மகள். வேறு ஊரில் வேலைக்குப் போனவள், அங்கேயே ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டாள். நான் வேண்டாம் என்று சொன்ன கல்யாணம். இருந்தாலும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சரியாக நாலு மணிக்கு எனக்குப் போன் செய்துவிடுவாள். அந்த மணிச்சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர்வீட்டுப் பேருந்து டிரைவர் தன் கடிகாரத்தைத் திருத்துவார். எங்கள் தெருவில் பேருந்து ஞாயிறு மட்டும் நேரத்துக்கு வருவதற்கு அதுதான் காரணம்.

போன வருடம் என் பழைய கம்ப்யூட்டர் செத்தது. போகும்போது தெருவிலிருந்த மின்சாரம் முழுவதையும் ஒரு மடக்கில் குடித்துவிட்டுப் போனது.

"புதுசா ஒண்ணு கட்டிக்கோயேம்பா," என்றாள் மகள். "ஸ்க்ரீன் பெரிசா வாங்கு. கேமரா வெச்சுட்டா முகத்தப் பாத்துப் பேசலாம். வெறும் குரலக் கேட்டுக் கேட்டு உன் முகமே மறந்துபோச்சு."

"முகம் அப்படியேதான் இருக்கு. பல்லுதான் நாலு கொறஞ்சிருக்கு."

"அப்போ பேச்சும் கொறஞ்சிருக்கணுமே?"

கம்ப்யூட்டருக்கு மூளை போன்ற பிராசசர் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அது வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் அந்த லிஃப்ட் மெக்கானிக் தனியாக என்னைப் பார்க்க வந்தார். தலைமுடியைத் தண்ணீர் போட்டு வாரியிருந்தார். என் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று மகள் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. கையில் ஒரு புதுப் பிராசசர் டப்பா. நான் அவரை உள்ளே கூப்பிடவில்லை. "இங்க எதுவும் ரிப்பேர் ஆகல," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அவர் டப்பாவைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த மாதம் கல்யாணம் நடந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். டப்பா ஒரு வருடம் செருப்புகளோடு இருந்தது. பிறகு அலமாரியில் எடுத்து வைத்தேன். தூசி படுகிறதே என்றுதான். வேறு காரணம் இல்லை.

அதைத் தூக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரரை எல்லோரும் ஸ்க்ரூ என்றுதான் கூப்பிடுவார்கள். காதில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூடிரைவர் செருகியிருக்கும். கடை அவ்வளவு ஒடுக்கம். ஒருநாள் பக்கவாட்டில் நுழைந்த ஒரு வாடிக்கையாளர் மதியம் சாப்பிட்டுவிட்டதால் வெளியே வர முடியாமல் இரண்டு நாள் உள்ளேயே இருந்தார். பசித்த பிறகுதான் வந்தார்.

ஸ்க்ரூ டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரியவரே, இது ஆறு வருஷப் பழசு. இது உக்கார்ற சாக்கெட் உள்ள மதர்போர்டு இப்ப வர்றதே இல்ல. பேசாம பிராசசரையும் புதுசா எடுத்துக்கோங்க."

"இதுதான் வேணும்."

"அப்படி என்ன இதுல? தங்கமா?"

"எடை போட்டுப் பாத்துட்டேன். தங்கம் இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மூன்று வாரம் தேடி அந்தச் சாக்கெட் உள்ள ஒரு போர்டைப் பிடித்தார். சாக்கெட்டில் ஆயிரத்து நூற்றைம்பத்தோரு முட்கள் இருக்க வேண்டும். நான் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணியபோதுதான் தெரிந்தது, ஒரு முள் மேல் எறும்பு நின்றுகொண்டிருந்தது. விலகச் சொன்னேன், விலகியது.

பிராசசரை வைத்தோம். அதற்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உக்கார்றது வேற, ஏத்துக்கிறது வேற பெரியவரே," என்றார் ஸ்க்ரூ. "சாக்கெட் ஒண்ணுதான். ஆனா இந்த போர்டுல இருக்கிற சிப்செட்டுக்கு முந்தின தலைமுறை பிராசசரத்தான் தெரியும். வந்திருக்கிறது யாருன்னு இதுக்குப் புரியல."

"சொல்லிப் புரியவைக்க முடியாதா?"

"முடியாது. இது செஞ்சதே அப்படி."

நான் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்க்ரூ மேசை ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மகளிடம் சொன்னேன்.

"சாக்கெட்ட மட்டும் பாத்து வாங்காத, சிப்செட்டப் பாருன்னு நான்தான் சொன்னேனே?"

"நீ சொல்லல."

"சொன்னேன். நான் சொன்னது எதத்தான் நீ காதுல வாங்கினே?"

அதன் பிறகு நாலு நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை. எடைமேடை அனுபவத்தில் சொல்கிறேன், அந்த மௌனம் ஒன்பது டன் இருக்கும். போனைப் பிடித்திருந்த கை தோளிலிருந்து இறங்கி இன்றுவரை அரை அங்குலம் நீளமாகவே இருக்கிறது.

"அவர் எப்படி இருக்கார்?" என்றேன்.

"எவர்?" என்றாள், தெரிந்துகொண்டே.

"லிஃப்ட்."

"லிஃப்ட் நல்லா இருக்கார். ஏறி எறங்கிட்டு இருக்கார்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ மாறி, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளி என்றாள். எனக்கும் சளி பிடித்துக்கொண்டது. போன் வழியாகச் சளி பரவும் என்பதை மருத்துவர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஏழு மாதம் தேடினோம். இருபத்துமூன்று போர்டுகள் வந்தன. ஒன்றில் விரிசல். ஒன்றில் முட்கள் வளைந்திருந்தன. ஒன்றில் மெமரி வைக்கும் இடத்தில் எறும்புகள் குடும்பத்தோடு குடியிருந்தன. காலி செய்யச் சொல்ல மனம் வரவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். ஒவ்வொன்றும் பொருந்தாமல் போகும்போது ஸ்க்ரூ, "விட்டுடலாமா பெரியவரே?" என்பார். நான் டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன். இருபத்துநான்காவது, ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. சரியான சாக்கெட், சரியான சிப்செட்.

அதை வீட்டில் வைத்துத்தான் பூட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறு, நாலு மணி. சாப்பாட்டு மேசையில் போர்டை விரித்து, போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"மூலையில சின்ன முக்கோணம் இருக்கும்பா. பிராசசர்லயும் இருக்கும். ரெண்டும் ஒரே பக்கம் வரணும். அழுத்தாத, சும்மா வெச்சா போதும்."

வைத்தேன். கொக்கியை இறக்கினேன். அடுத்து, சூடு கடத்தும் பேஸ்டைப் பிராசசரின் முதுகில் தடவ வேண்டும். எவ்வளவு என்று மகளுக்குத் தெரியும். எனக்கும் ஸ்க்ரூ சொல்லியிருந்தார். இருந்தாலும் கேட்டேன்:

"மாப்ள இருக்காரா?"

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க மாமா."

"இந்த பேஸ்ட் எவ்ளோ வெக்கணும்?"

"ஒரு பட்டாணி அளவு போதும் மாமா."

"பச்சப் பட்டாணியா, காஞ்ச பட்டாணியா?"

"காஞ்சது." கொஞ்சம் பொறுத்து, "கை நடுங்குதுன்னா முழங்கைய மேசைல ஊனிக்கோங்க மாமா," என்றார்.

கை நடுங்குவது போனில் கேட்காது. அவருக்குக் கேட்டது. கம்பி வடம் எங்கே தேய்கிறது என்று நாற்பது மாடி கீழே நின்று சொல்பவர் அவர்.

முழங்கையை ஊன்றிக்கொண்டேன்.

சுவிட்சைப் போட்டதும் திரையின் முதல் வரியிலேயே அந்தப் பிராசசரின் பெயர் ஓர் எழுத்துப் பிழையில்லாமல் வந்தது. சிறிது நேரத்தில் மகளின் முகம் வந்தது, முகம் அளவுக்கே முகம். காதோரம் நாலைந்து நரை. அவள் தோளுக்குப் பின்னால், தலைமுடியைத் தண்ணீர் போட்டு வாரிக்கொண்டு, அவர். அன்று திரையிலிருந்து வந்த வெளிச்சத்துக்குப் பக்கத்து வீட்டுத் தொட்டிச் செடிகள் எங்கள் ஜன்னல் பக்கம் சாய்ந்தன. இன்னும் நிமிரவில்லை, வந்து பார்க்கலாம்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கதவைச் சாத்திய அன்று சாயங்காலமே நான் போன் நம்பரை மாற்றிவிட்டேன். புது நம்பர் இன்றுவரை என் மகளிடம் இல்லை. ஞாயிறு நாலு மணிக்குப் போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன், அது ஒருமுறைகூட அடித்ததில்லை.