பதினோரு மணி ரவுண்ட்ஸ்

காலை எட்டு மணிக்கு அவளுடைய வேலை முடிந்தது. அன்றைய டியூட்டி மட்டும் இல்லை, அந்த ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாகப் பார்த்த வேலையே முடிந்தது. ஒரு மாதத்துக்கு முன்னாலேயே கடிதம் கொடுத்துவிட்டாள். நாலு மாதமாகச் சம்பளம் வரவில்லை, ஆகவே இன்ன தேதி காலை எட்டு மணியோடு நிற்கிறேன் என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருந்தாள். அந்தத் தேதியும் வந்தது, எட்டு மணியும் வந்தது. அவளிடமிருந்து வார்டை வாங்கிக்கொள்ள வர வேண்டிய சின்ன சிஸ்டர்தான் வரவில்லை.

எட்டேகாலுக்கு இவளே அவளுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள் சின்ன சிஸ்டர். "மேனேஜர் என்னை இன்னைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாரு. வந்தா எனக்கும் சம்பளம் கிடையாதாம்."

"இப்ப மட்டும் கிடைக்குதா உனக்கு?"

"இல்லதான். ஆனா கேட்டுட்டு இருக்கலாம்ல அக்கா."

இந்த மாதிரி பதிலைக் கேட்டுவிட்டு ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? போனை வைத்துவிட்டு, வார்டின் நடுவில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முந்தின நாள் மாலை மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் முழுசாக விளங்கியது. மேனேஜருக்கு ஆஸ்பத்திரியில் 'நாளைக்கு' என்று பெயர். சம்பளம் எப்போது என்று யார் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் ஒரே வார்த்தை அது. ஆனால் மிரட்டுவதை மட்டும் அவர் நாளைக்கு என்று தள்ளிப் போடுவதே இல்லை.

"லெட்டர் குடுத்துட்டா ஆச்சா?" என்று கேட்டிருந்தார். "டியூட்டியில இருந்தவ நோயாளிங்கள அப்படியே விட்டுட்டு ஓடிட்டான்னு நர்ஸிங் கவுன்சிலுக்கு ஒரு கடுதாசி போட்டா, உன் லைசென்ஸ் என்ன ஆகும்? மருந்து அலமாரில கணக்கு இடிக்குதுன்னு போலீஸ்ல ஒண்ணு. அப்புறம் உனக்கு எவன் வேலை குடுப்பான்?"

"நான் எங்க சார் ஓடப் போறேன்? சொல்லிட்டுத்தானே போறேன்."

"பாப்போம்" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பின் கணக்கு இதுதான். ஒரு நர்ஸ் வேலையை விடலாம், வார்டை விட முடியாது. அடுத்து வருபவளிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லி, கையெழுத்து வாங்கி, பொறுப்பை ஒப்படைத்த பிறகுதான் படி இறங்க வேண்டும். ஒப்படைக்க ஆளே இல்லாமல் செய்துவிட்டால், அவள் இறங்கிப் போகும் நிமிஷமே மேனேஜர் சொன்ன பொய் நிஜமாகிவிடும். போகாமல் நின்றாலோ, ராஜினாமா செல்லாது. பார்த்தீர்களா, இன்னும் வேலை பார்க்கிறாள் என்பார்கள். இருந்தாலும் தப்பு, போனாலும் தப்பு. சம்பளம் போடத் தெரியாதவர்களுக்குக் கண்ணி போட மட்டும் எவ்வளவு நன்றாகத் தெரிகிறது!

கீழே புருஷன் எட்டு மணியிலிருந்து பைக்கோடு நின்றான். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் அடித்தான்.

"எறங்கி வா. என்ன பண்ணிடுவானுங்கன்னு பாக்கலாம்."

"இங்க அஞ்சு பேர் படுத்திருக்காங்க. அவங்கள யாருகிட்ட விட்டுட்டு வர?"

"சம்பளமே தராதவனுக்கு நீ ஏன் இன்னும் மாரடிக்கற?"

"அவனுக்கா மாரடிக்கறேன்? வைங்க போனை, டிரிப் முடியப் போகுது."

அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வந்தது. கொஞ்சம் மோசமான நர்ஸாக இருந்திருந்தால் இந்நேரம் வீட்டில் போய்த் தூங்கியிருப்பாள். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு நின்ற கால் இது. ஆஸ்பத்திரி முதலாளியான டாக்டருக்கு மூன்று தரம் போன் செய்தாள். மூன்று தரமும் கட் ஆனது. ஒவ்வொரு தரமும் நோட்டில் நேரத்தைப் போட்டு எழுதி வைத்தாள்.

முதல் படுக்கையில் இருந்தவர் ஏதோ ஆபீஸில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்தைக்கூட விடாமல் படிப்பவர். "ஏம்மா, நீ ராத்திரி டியூட்டி ஆச்சே. இன்னும் போகலியா?" என்று கேட்டார்.

அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சார்ஜ் எடுத்துக்க ஆள் இல்லேன்னா, ஆபீஸோட தலைவர்கிட்டதான் ஒப்படைக்கணும். எங்க ஆபீஸ்ல அதான் ரூல்" என்றார்.

"அவர் போனே எடுக்க மாட்டேங்கறாரே, ஐயா."

"ரவுண்ட்ஸுக்கு வருவார்ல?"

வருவார். உலகம் தலைகீழானாலும் பதினோரு மணி ரவுண்ட்ஸுக்கு டாக்டர் வந்துவிடுவார். ஒவ்வொரு படுக்கைக்கும் விசிட் ஃபீஸ் உண்டு. ஆறு வருஷத்தில் அவர் ஒரு ரவுண்ட்ஸ் தவறவிட்டு அவள் பார்த்ததில்லை. தனக்குத்தானே இது தோன்றவில்லையே என்று நொந்துகொண்டாள். தூக்கம் இல்லாத மூளை அப்படித்தான்.

மீதி நேரத்தை வீணாக்கவில்லை. ஐந்து பேருடைய கேஸ் ஷீட்டிலும் நிலைமை, கொடுத்த மருந்து, அடுத்துச் செய்ய வேண்டியது எல்லாவற்றையும் எழுதினாள். கடைசியில் ஒரு வரி: 'என் பணி முடிந்தது. இந்த நோயாளியின் பொறுப்பை டாக்டரிடம் ஒப்படைத்தேன்.' கோழிக் கிறுக்கல் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளை படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் எழுதினாள். மருந்து அலமாரியில் இருந்ததை எல்லாம் எண்ணி ரிஜிஸ்டரில் போட்டாள்.

பதினொன்று அடிக்க டாக்டர் வந்தார். அவள் நிற்பதைப் பார்த்ததும் முகத்தில் ஒரு திருப்தி. மேனேஜர் சொன்னது வேலை செய்துவிட்டது, பயந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். நேராக முதல் படுக்கைக்குப் போனார். நர்ஸுகளிடம் அவர் பேசுவது ஒரே ஒரு எழுத்துதான்.

"இவருக்கு ஜுரம் எறங்கிடுச்சு சார். மத்தியானம் ஒரு ஊசி இருக்கு. இத்தோட என் டியூட்டி முடியுது. இவர் பொறுப்ப உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்."

"ம்" என்றார் டாக்டர். கேஸ் ஷீட்டில் கையெழுத்துப் போட்டார்.

ஹெட்கிளார்க் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். அடுத்த படுக்கை, சர்க்கரை நோயால் காலில் புண் ஆகியிருந்த தையல்கார அம்மா.

"பதினொன்றரைக்கு இன்சுலின் சார். அப்புறம் டிரஸ்ஸிங். என் டியூட்டி முடியுது. இவங்க பொறுப்ப உங்ககிட்ட ஒப்படைக்கிறேன்."

"ம்."

மூன்றாவது, கால் முறிந்த லாரி டிரைவர். நாலு, ஐந்து. ஒவ்வொரு தரமும் குரலைக் கொஞ்சம் உயர்த்தியே சொன்னாள். வார்டு முழுக்கக் கேட்டது. ஐந்து நோயாளிகள் கேட்டார்கள், கூட இருந்த சொந்தக்காரர்கள் கேட்டார்கள், தரை துடைத்த அம்மா துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்க வேண்டியவர் காதில் மட்டும் ஏறவில்லை. நர்ஸ் பேசினால் ஃபேன் ஓடுகிற மாதிரி அவருக்கு. கடைசியில் மருந்து ரிஜிஸ்டரை நீட்டினாள். கையெழுத்துப் போட்டார். அலமாரிச் சாவியை நீட்டினாள். அதையும் வாங்கிக்கொண்டார்.

எல்லாக் கையெழுத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

"வரேன் சார்."

"எங்க?" இதுதான் அன்றைக்கு டாக்டர் பேசிய முதல் வார்த்தை.

"வீட்டுக்கு. இன்சுலின் பதினொன்றரைக்கு சார், மறந்துடாதீங்க."

"என்ன விளையாடறியா? யாருகிட்ட ஒப்படைச்சுட்டுப் போற?"

"உங்ககிட்டதான் டாக்டர்" என்றார் ஹெட்கிளார்க். "அஞ்சு தடவை சொல்லிச்சு அந்தப் பொண்ணு. நான் எண்ணிட்டுதான் இருந்தேன்."

"நானும் கேட்டேங்க" என்றான் டிரைவர். "கால்தான் முறிஞ்சிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு."

டாக்டர் கையில் இருந்த ஷீட்டைப் புரட்டிப் படித்தார். ஆறு வருஷத்தில் அவள் எழுதியதை அவர் படிப்பது அதுவே முதல் தடவையாக இருக்கும். முகம் கறுத்தது. போனை எடுத்து, "உடனே ஒரு நர்ஸ அனுப்புய்யா" என்று கத்தினார். மறுமுனையில் மேனேஜர் குரல் வார்டுக்கே கேட்டது.

"நாளைக்குக் காலைல ஏற்பாடு பண்ணிடறேன் சார்."

தையல்கார அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கினாள்.

டாக்டர் குரலை இறக்கினார். "இங்க பாரும்மா. ரெண்டு மாசச் சம்பளம் இப்பவே தரச் சொல்றேன். இரு."

"நாலு மாசம் சார்" என்றாள். "அது இனிமே இருக்கறதுக்கு இல்ல. இதுவரைக்கும் இருந்ததுக்கு."

படியில் பாதி இறங்கியிருப்பாள். மேலே வார்டில் மணி அடித்தது. இரண்டாம் படுக்கை மணி. சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும். கால் தானாகத் திரும்பி மேல் படியில் ஏறிவிட்டது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போ ஐயா, போய்ப் பார்த்துத் தொலை என்று டாக்டரை மனசுக்குள் திட்டினாள். பிறகு ஷூ சத்தம் கேட்டது, அவசரம் அவசரமாக. மணி நின்றது.

அதற்கப்புறம்தான் இறங்கினாள். கீழே வந்ததும் புருஷன், "எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் குடுக்கல."

"அப்ப மூணு மணி நேரமா என்னதான் பண்ணின?"

இவருக்கு எங்கிருந்து ஆரம்பித்து விளக்குவது? ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை.

"வண்டிய எடுங்க. வீட்டுக்கு இல்ல, லேபர் ஆபீஸுக்கு."