கீரை சேராத வீடு

கீரை ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டபோது மீனாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. உள்ளே அவள் கணவர் ஆறுமுகசாமி மூச்சுக்குழாயோடு கிடந்தார். இதயத்தில் செயற்கை வால்வு வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க அவருக்கு மாத்திரை. கீரை அதன் வேலையைக் கெடுத்துவிடும் என்று அன்றே சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு கீரைக்காரியை அவள் வாசலில் நிற்கவிட்டதில்லை. கல்யாணப் பந்தியில் ரசத்தில் மிதந்த கொத்தமல்லியைப் பொறுக்கி எடுத்து அவரிடமே திட்டு வாங்கியவள். மாத்திரையும் அவள் கையால்தான் கொடுப்பாள். ஒருநாளும் தவறியதில்லை.

வால்வில் ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, புதிதாக எதையாவது சாப்பிட்டாரா என்றார் டாக்டர். ஜப்பான் கிரீன் டீதான், மகள் வாங்கி வந்தது என்றாள். இலையா, பொடியா என்று அவர் கேட்டார்.

"பொடிங்க. வெந்நீர்ல நுரை வர அடிச்சு அப்படியே குடிச்சுருவாருங்க."

அப்படியென்றால் முழு இலையும் வயிற்றுக்குள் போகிறது, அதுவும் கீரை மாதிரிதானே என்றார் டாக்டர். அதுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இருக்கலாம் என்றும் சொன்னார். அந்த 'இருக்கலாம்' மீனாவின் காதில் ஏறவே இல்லை. டீயைப் போய் யார் கீரை என்று நினைப்பார்கள்?  மதியத்துக்குள் ஆறுமுகசாமி போய்விட்டார்.

மகள் தமிழ்ப்ரியா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ஆபீஸ் வேலையாக ஜப்பான் போனபோது அப்பாவின் உடம்புக்கு நல்லது என்று பார்த்துப் பார்த்து வாங்கி வந்த டப்பா அது. முதல் நாள், அறுத்த புல் வாசம் அடிக்கிறது என்று முகத்தைச் சுளித்தார். ஒரே வாரத்தில் மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கசப்பு போனதும் நாக்கில் ஓர் இனிப்பு நிற்கிறதாம். வீட்டுக்குப் பக்கத்தில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் நடக்க வருகிறவர்களையெல்லாம் நிறுத்தி, கொழுப்பு கரையும், ஜப்பான்காரன் நூறு வயது இருக்கிறான் என்று ஒரே பிரசங்கம். உடம்பு பஞ்சாக இருக்கிறது என்று மாதாமாதம் எடுக்கிற ரத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போட்டார்.

அவர் இறந்த மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து, அவருக்குப் பிடித்ததையெல்லாம் படத்தின் முன் படைத்தார்கள். ராகிக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு. தமிழ்ப்ரியா பச்சை நுரை ததும்பும் கப்பைக் கொண்டுவந்து ஓரமாக வைத்தாள். மீனாவால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"போன வாரம்கூட நல்லாத்தானேம்மா பேசினார்? எப்படி திடீர்னு? இரு, நான் அந்த டாக்டர்கிட்டயே கேக்கறேன்."

அவள் போனை எடுத்துவிட்டாள். மீனா அவள் கையைப் பிடித்தாள். புருஷன் போயாயிற்று, இனி இவளும் உயிரோடு சாக வேண்டுமா?

"கேக்காத கண்ணு," என்றாள். "நாந்தான். மாத்திரை தீந்துபோச்சு. வாங்க மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"ஆமா."

 தமிழ்ப்ரியா போனைக் கீழே வைத்தாள். வாசலில் நின்ற கொழுந்தனார் லிங்கப்பன் காதிலும் விழுந்திருக்க வேண்டும், அவர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் எல்லோரையும் சாப்பிட உட்கார வைத்தார்கள். மீனா இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுக் காத்திருந்தாள். களிப் பாத்திரத்தோடு வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்த தமிழ்ப்ரியா, அம்மாவின் இலையைத் தாண்டி அடுத்த இலைக்குப் போனாள்.