துடைத்துவிட்ட பென்சில் குறி

1

இந்தக் கதை ஒரு பஞ்சுக் குச்சியில் பிறந்தது. நாங்கள் வளர்க்கும் பல்லி இட்ட முட்டை இரண்டின் மேலும் கறுப்பாக ஏதோ இருந்தது. பூஞ்சை என்று நினைத்தேன். லேசில் போகவில்லை. எடுத்து, உருட்டி, எல்லாப் பக்கமும் பளிச்சென்று துடைத்து வைத்தேன். வைத்த பிறகு ஞாபகம் வந்தது: அது பூஞ்சை அல்ல, என் மனைவி மெரின் பென்சிலால் போட்ட குறி. எந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும் என்பதற்கான குறி. கரு மேல்பக்கத்து ஓட்டில் ஒட்டிக்கொண்டுதான் வளரும். புரட்டிவிட்டால் உள்ளேயே மூழ்கிச் சாகலாம்.

‘நான்’ என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இனிமேல் அவனை டெஸ் என்போம். என் பெயரும் அதுதான். இருந்தாலும் ‘அவன்’ என்று சொல்லும்போது திட்டுவதற்கு வசதியாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: சுரங்க ஊரான கல்கூர்லியின் செம்மண்ணுக்கு மேல் சூரியன் ஒரு மாபெரும் முட்டையைப் போல —

[வேண்டாம். எல்லாமே முட்டையாகத் தெரிகிறது.]

இரண்டாம் தொடக்கம்: மெரின் சுரங்கத்தில் வீடு அளவு லாரி ஓட்டுகிறவள். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. டெஸ் வீட்டிலிருந்து கதை எழுதுகிறவன். அதாவது, துணி காயப்போடுகிறவன். அவர்களுடைய குமிழ்வால் பல்லியின் பெயர் க்ரம்பெட். இதுவரை அது போட்டதெல்லாம் கூமுட்டை. இந்த ஜோடியில்தான் டார்ச் வெளிச்சத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது. அன்றைக்கு மெரின் அழுதாள். டெஸ் அதைக் கவனிக்காத மாதிரி கெட்டிலில் தண்ணீர் பிடித்தான்.

குறியைத் துடைத்த பிறகு அவனும் டார்ச் அடித்துப் பார்த்தான், எது மேல்பக்கம் என்று. எங்கும் சிவப்பாகவே தெரிந்தது. பார்த்துக்கொண்டிருந்தது தன் விரலை என்று புரியக் கொஞ்ச நேரமாயிற்று. கடைசியில், குத்துமதிப்பாக ஒரு பக்கத்தை மேலாக வைத்து, முட்டை டப்பாவை மூடி, பழைய ஒயின் ஃபிரிட்ஜுக்குள் தள்ளினான். குளிர்விக்க மறந்துபோன அந்த ஃபிரிட்ஜுக்குள் சூட்டுக் கம்பி ஓட்டி மெரின் அதை அடைகாக்கும் பெட்டியாக மாற்றியிருந்தாள்.

3

உடனே மெரினுக்குப் போன் போட்டான்.

“பென்சில் குறியையா தொடச்ச?”

“பூஞ்சைன்னு நெனச்சேன்.”

“அச்சடிச்ச மாதிரி ரெண்டுலயும் கூட்டல் குறியாவா வரும் பூஞ்சை?”

“ரொம்ப ஒழுங்கான பூஞ்சைன்னு…”

பின்னால் லாரிகளின் இரைச்சல். பிறகு, “சரி. தொடாத. வந்து பாக்குறேன்” என்றாள்.

அந்தச் ‘சரி’ என்ன சரி? கோபமா, களைப்பா, மன்னிப்பா? டெஸ் இதை வைத்து இரண்டு பக்கம் எழுதினான். நான் கிழித்துவிட்டேன்.

4

சில நாளில் ஒரு முட்டையில் குழி விழுந்தது. டெஸ், ஊர்வன வளர்ப்போர் சங்கத்து நொரீன் வீட்டுக்கு ஓடினான்.

[முந்தைய வரைவில் நொரீன் எல்லாம் தெரிந்த ஞானி. நம்ப முடியவில்லை. நிஜ நொரீன் கழுத்தில் மலைப்பாம்பைப் போட்டுக்கொண்டு டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.]

“நான்தான் கொன்னுட்டேனா, நொரீன்?”

“கொல்றதாவது! அதெல்லாம் சரியாயிடும்ப்பா.”

“குழி விழுந்திருக்கே?”

“குழி விழுந்தும் பொரிச்சிருக்கு. குழி விழாமயும் அழுகியிருக்கு.”

“அப்ப இது எது?”

“பீர் குடிக்கிறியா? கொஞ்சம் எந்திரி, நீ ரிமோட் மேல உக்காந்திருக்க.”

எங்கள் ஊரில் ‘சரியாயிடும்’ என்பதும் ஒரு பதில்தான். அடிபட்ட நாய்க்கும் வேலை போன மனுஷனுக்கும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். அன்பால் சொல்கிறார்கள். அதனால் மறுத்துப் பேசவும் முடியாது. டெஸ் பீர் குடித்தான்.

வீட்டில் க்ரம்பெட் அவனையே பார்த்தது. குற்றம் சாட்டும் கண்கள் என்று எழுதப் போனேன். அதற்கு இமையே கிடையாது. யாரையும் அப்படித்தான் பார்க்கும். நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கிக்கொண்டது. அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

5

முடிவு அ: இரண்டும் பொரிக்கின்றன. தலை பெரிதும் உடல் சிறிதுமாக இரண்டு அவசரக்காரர்கள்.

முடிவு ஆ: இரண்டும் நாறுகின்றன.

முடிவு இ: டெஸ் நொரீனிடமிருந்து இரண்டு குட்டிகளை வாங்கி, டப்பாவில் விட்டு, பொரித்துவிட்டதாக —

[கதைக்கு இதுதான் சிறப்பு. ஆனால் மெரின் க்ரம்பெட்டின் புள்ளிகளை மனப்பாடமாக வைத்திருப்பவள். குட்டிகள் தப்பும்; டெஸ் தப்பமாட்டான்.]

எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பின் உருட்டாதீர்கள்.

6

மெரின் வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு, இருட்டுக்காகத் துணி அலமாரிக்குள் புகுந்து மண்டியிட்டாள். டெஸ்ஸும் உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினான். துண்டுகளுக்கு நடுவே இரண்டு பேர், ஒரு டார்ச். முட்டையைத் தொடாமல் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டினாள். குனிந்து முகர்ந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நீ இதைக் கதையா எழுதுறியாமே? நொரீன் சொன்னா. என்ன முடிவு?”

“மூணு முடிவு இருக்கு.”

“ஒண்ணு தெரியாதவன்தான் மூணு எழுதுவான்.” பாக்கெட்டிலிருந்து ஒரு பென்சில் துண்டை எடுத்து அவனிடம் நீட்டி, குழி விழாத முட்டையைக் காட்டினாள். “இதுல போடு. இங்க. அழுத்தாத.”

அவன் பென்சிலை முட்டையின் மேல் வைத்தான். கூட்டல் குறி கோணலாக விழுந்தது. குழி விழுந்த முட்டைக்கு அவள் குறி போடச் சொல்லவில்லை.

“நான்தானா?” என்று டெஸ் கேட்டான். இல்லை, நான்தான் கேட்டேன்.

மெரின் டார்ச்சை அணைத்தாள். இருட்டில் அவள் கை என் முழங்காலைத் தேடிப் பிடித்தது.

“ஆமா, நீதான். நீ உருட்டினதாலதான் அது செத்துச்சு. இது உயிரோட இருக்கு. பொரிக்குமான்னு எனக்குத் தெரியாது.”