வலது பக்கத்துப் பட்டன்

சாப்பிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் அங்கப்பன் அந்தக் காரில் ஏறினார். ஓட்டியவன் சசிதர், முதலாளி சுந்தரராஜுலுவின் மகன். மதியத்துக்கு மேல் விசாரணைக்கு அதிகாரி வருகிறார், அதற்குள் ஒரு வாய் சாப்பிட்டு வந்துவிடலாம் அண்ணா என்று அவனே கம்பெனி ஷாப்புக்குள் வந்து, தகடு வெட்டும் பிரஸ்களின் சத்தத்துக்கு நடுவில் காதோரம் குனிந்து கூப்பிட்டான். அந்தக் காரை அங்கப்பன் கழுவியிருக்கிறார், ஏறியதில்லை. எண்ணெய் ஏறிய சட்டை சீட்டில் படாதபடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியும். காளிச்சாமியின் கை போனபோது பக்கத்து மெஷினில் இருந்தவர் அவர். அந்தப் பவர் பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் ஒருசேர அமுக்கினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டை என்கிற இரும்பு அச்சுக்கு அடியில் கை போகாது. ஆனால் அப்படி ஓட்டினால் பீஸ் குறைகிறது. மோட்டார் தகடு ஆர்டர் கழுத்தை நெரித்த சமயத்தில் சுந்தரராஜுலு பக்கத்தில் நின்று சொல்ல, எலெக்ட்ரீசியன் வலது பட்டனின் ஒயரைக் கழற்றி, உள்ளேயே முறுக்கி மூடினான். அதிலிருந்து இடது கை அமுக்கும், வலது கை தகட்டை வைத்து எடுக்கும். ஷாப்பில் எல்லோருக்கும் பயம் இருந்தது. பீஸ் ரேட்டும் இருந்தது. ஒரு நாள் காளிச்சாமியின் வலது கை வெளியே வருவதற்குள் பிரஸ் இறங்கிவிட்டது. மணிக்கட்டோடு போயிற்று.

கம்பெனி வேறு கதை சொன்னது. காளிச்சாமி அதிகப் பீஸுக்கு ஆசைப்பட்டுத் தானே பட்டனில் மரக்கட்டையைச் செருகி வைத்துக்கொண்டான், கம்பெனி என்ன செய்யும் என்றது. எலெக்ட்ரீசியன் முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம், அவன் வாய் திறக்கமாட்டான். ஒயரைக் கழற்றியதைக் கண்ணால் பார்த்த இன்னொரு ஆள் அங்கப்பன்தான். அவரும் காளிச்சாமியும் சத்தியமங்கலத்துப் பக்கம் ஒரே ஊர். சொல்கிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் காளிச்சாமியின் பெண்டாட்டி ராசாத்தாளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அழவில்லை. நீங்க சொன்னாப் போதுங்கண்ணா என்று மட்டும் சொன்னாள்.

அவர் பிறந்த பக்கத்தில் பேச்சு முடியாத வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. பெண் பார்க்கப் போனாலும் அப்படித்தான், வாய்க்கால் தகராறு பேசப் போனாலும் அப்படித்தான். எத்தனை பசித்தாலும் தண்ணீரோடு எழுந்து வந்துவிடுவார்கள். இலை முன்னால் உட்கார்ந்து கை நனைத்தால் சம்மதம் என்று ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு அந்த வீட்டுக்கு எதிராக வாய் திறக்க முடியாது. திறந்தால் தின்று போட்டுப் பேசுகிறான் என்பார்கள். மகனுக்கு இதெல்லாம் தெரியாது, அப்பனுக்கு நன்றாகத் தெரியும் என்று அங்கப்பன் கணக்குப் போட்டார். அதனால் பசிக்கவில்லை என்ற சொல்லை வழியெல்லாம் வாய்க்குள் தயாராக வைத்திருந்தார்.

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு எதிரே இருந்தது சசிதரின் கடை. கொரியாக்காரர்கள் சாப்பாடு என்று வண்டியில் வரும்போதே விளக்கியிருந்தான். இலையும் இல்லை, தட்டும் இல்லை. ஆளுக்கு ஒரு கிண்ணம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எவர்சில்வர் தொட்டிகளில் சோறும் காயும் கறியும் இருக்கும், நமக்கு வேண்டியதைக் காட்டிக் காட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். கழுத்தில் அட்டை தொங்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றிருந்தார்கள். அங்கப்பனுக்கு முன்னால் நின்ற பெண் மூக்கை லேசாகச் சுளித்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள். ஷாப் எண்ணெய் வாசம் அவருக்குத் தெரியாது, மற்றவர்களுக்குத் தெரியும்.

வரிசை நகர்ந்து தொட்டிக்கு எதிரே வந்தபோதுதான் கரண்டியோடு நின்றவளைப் பார்த்தார். தலையில் கறுப்புத் தொப்பி, கையில் மெல்லிய பிளாஸ்டிக் உறை. காளிச்சாமியின் மகள் நித்யஸ்ரீ.

அவளும் பார்த்தாள். ஒரு கணம் கரண்டி சோற்றிலேயே நின்றது. பின்னால் சசிதர் நிற்பதைக் கண்டதும் மனப்பாடமாக ஆரம்பித்தாள். வெள்ளைச் சோறா, சிவப்பரிசிச் சோறா. கோழியா, காளானா. முட்டை அரை வேக்காடா, முழு வேக்காடா. காரம் எத்தனை.

"நெல்லுச் சோறுதானுங்களே அம்மிணி, இதுக்கு எதுக்கு இத்தன கேள்வி?" என்றார் அங்கப்பன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர் பதில் சொல்லாததால் அவளே ஒவ்வொன்றாக வைத்தாள். வெள்ளைச் சோறு, நீளமாக நறுக்கிய கேரட், வதக்கிய கீரை, முளைவிட்ட பயறு, கோழித் துண்டு, புளிக்கவைத்த முட்டைக்கோஸ், மேலே ஒரு முட்டை. கடைசியில் சிவப்பாக ஒரு விழுதை ஊற்றி எள்ளைத் தூவினாள். கைகள் வேகமாகப் போயின. பழகிய கை என்று அவருக்குப் பட்டது. எத்தனை நாளாக இங்கே நிற்கிறாள் என்று கேட்க வாயெடுத்தார், சசிதர் தோளைத் தொட்டு நகர்த்தினான்.

சுவரோர மேசையில் கிண்ணத்தை வைத்துவிட்டு, பசிக்கலைங்க தம்பி என்றார் அங்கப்பன். சசிதர் வற்புறுத்தவில்லை. தன் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே கடை எப்படிப் போகிறது என்று பேசினான். காளிச்சாமி அண்ணன் மகளுக்கு வேலை போட்டுக் கொடுத்ததே தான்தான் என்றான். அப்பாவிடம் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் உண்மையாகவே ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான்.

இதே கடை, இதே சுவரோரம். காளிச்சாமி உட்கார்ந்திருந்தான். கட்டுப் போட்ட மொட்டைக் கை மேசைக்கு மேல் தெரிந்தது. சசிதர் ஸ்பூனால் அவன் வாயில் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். காளிச்சாமி வாயைத் திறந்துகொண்டு கேமராவைப் பார்த்தான். பக்கத்தில் ராசாத்தாள். அவள் முன்னாலும் ஒரு கிண்ணம் இருந்தது, முட்டை உடையாமல் அப்படியே. அவள் கைகள் மடியில் இருந்தன. பார்வை வெளியே ரோட்டில்.

"அண்ணனே எல்லாம் ஒத்துக்கிட்டாருங்கண்ணா," என்றான் சசிதர். "கட்டையைச் செருகுனது நாந்தான்னு எழுதிக் கொடுத்துட்டாரு. அப்பா உங்ககிட்ட ஒண்ணும் பேச வேண்டாம்னு சொல்லிட்டாரு. அங்கப்பன் கை நனைச்சாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்னாரு. எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியலை. சாப்பிடுங்க."

போன் அடித்தது. அவன் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனான்.

அங்கப்பன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காளிச்சாமியின் வீட்டுக்குக் கடைசியாகப் போனபோது ராசாத்தாள்தான் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கை இருக்கிறதே, சாப்பிட்டுப் பழகேன் என்று அங்கப்பன் சொன்னதற்கு, பீச்சாங்கையில் சோற்றைத் தொடமாட்டேன், செத்தாலும் தொடமாட்டேன் என்று கத்தினான். அப்படிப்பட்டவன் முதலாளி மகன் ஊட்டத் தின்றிருக்கிறான். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்காக இங்கே பட்டினியாக உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். பிறகு அந்த உடையாத முட்டை நினைவுக்கு வந்தது. ராசாத்தாள் கை நனைக்கவில்லை. அவள் இன்னும் தன்னை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நித்யஸ்ரீ துணியோடு வந்து பக்கத்து மேசையைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த மேசை. தலையைத் தூக்காமல் பேசினாள்.

"சாப்புடுலீங்களா மாமா?"

"உங்கொப்பன் சம்மதிச்சது உங்கம்மாளுக்குத் தெரியுமா கண்ணு?"

"கூடத்தானுங்க உக்காந்திருந்தாங்க. எந்திரிச்சுப் போகவும் இல்ல, சாப்புடவும் இல்ல. ஊட்டுக்கு வந்ததுல இருந்து அப்பாவுக்குச் சோறு ஊட்டறத நிறுத்திப்போட்டாங்க. ஒரு வார்த்த பேசறதில்ல. வட்டல்ல போட்டு முன்னாடி வெச்சுப்போட்டுத் தறிக்குப் போயிர்றாங்க. காலைலயும் ராத்திரியும் நான் ஊட்டறனுங்க."

"மத்தியானம்?"

அவள் துணியை மடித்தாள். "மத்தியானம் நான் இங்க நிக்கறனுங்களே மாமா. நான் போறவரைக்கும் அப்பா அப்பிடியே உக்காந்திருக்காருங்க. ஈ மொச்சுக்கிட்டுக் கெடக்கும் சோறு."

கவுன்ட்டரில் யாரோ காளான் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"நான் உள்ளதச் சொல்லிப்போட்டா என்ன ஆகும்?"

"அப்பா பொய் எழுதிக் கொடுத்த ஆளாயிருவாருங்க. எனக்கு நாளைக்கு இங்க வேல இருக்காது."

"சொல்லாட்டி?"

"அம்மா உங்க மொகத்துல முழிக்க மாட்டாங்க."

"நீ என்ன சொல்ற கண்ணு?"

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். எதையோ சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார். கவுன்ட்டரிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஆறிப்போச்சுங்க மாமா, வேற சோறு போட்டுக் கொண்டாரட்டுங்களா?" என்றாள். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் போய்விட்டாள்.

தொட்டிகளுக்குப் பின்னால் அவள் அடுத்த ஆளிடம் ஆரம்பிப்பது கேட்டது. வெள்ளைச் சோறா, சிவப்பரிசிச் சோறா. கோழியா, காளானா. அந்த நேரத்துக்குக் கணபதி வட்டாரத்தில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறையில், வட்டலுக்கு எதிரே காளிச்சாமி உட்கார்ந்திருப்பான்.

அங்கப்பன் ஸ்பூனை எடுத்து ஓரமாக வைத்தார். கை கழுவும் இடம் எங்கே என்று தேடி, கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். முட்டையைக் கட்டை விரலால் உடைத்தார். மஞ்சள் கரு சோற்றில் இறங்கியது. சிவப்பு விழுதையும் கீரையையும் சேர்த்து வீட்டில் பிசைவது மாதிரி பிசைந்தார். அடுத்த மேசைப் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். சின்னக் கிண்ணத்துக்குள் அந்தப் பெரிய கை இடித்தது. முதல் வாய் இனித்தது, அப்புறம் எரிந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் நிறுத்தாமல் தின்றார். பசி இருந்தது, அதையும் மறைப்பதற்கில்லை.

சசிதர் திரும்பி வந்து பார்த்து, நல்லாருக்குங்களாண்ணா என்று கேட்டான். நல்லா இருக்குதுங்க தம்பி என்றார். நித்யஸ்ரீ வந்து காலிக் கிண்ணத்தை எடுத்தாள். விளிம்பில் ஒட்டியிருந்த சோற்றைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

விசாரணை கம்பெனி ஆபீஸ் அறையில் நடந்தது. அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். பயப்படாமல் சொல்லலாம், வேண்டுமானால் முதலாளியை வெளியே போகச் சொல்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னார். சுந்தரராஜுலு நாற்காலியை விட்டு எழவும் தயாராக இருந்தார். வேண்டாங்க, இருக்கட்டுங்க என்றார் அங்கப்பன். நான் பக்கத்து மெஷின்ல குனிஞ்சு வேல பாத்துட்டிருந்தனுங்க, ஒண்ணும் கவனிக்கலீங்க என்றார். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை.

அதிகாரி ஷாப்புக்குள் வந்து அந்தப் பிரஸ்ஸைச் சோதித்தார். இடது பட்டனை மட்டும் அமுக்கினார், இறங்கவில்லை. வலதை மட்டும் அமுக்கினார், இறங்கவில்லை. இரண்டையும் சேர்த்து அமுக்கியபோது இறங்கியது. சரி என்று எழுதிக்கொண்டார். சுந்தரராஜுலு கார் வரைக்கும் கூடப் போய் வழியனுப்பினார். திரும்பி வரும்போது அங்கப்பன் நின்ற இடத்தில் நின்று, சாப்பாடு ஆச்சா என்று கேட்டார். ஆச்சுங்க மொதலாளி என்றார் அங்கப்பன். காளிச்சாமியோட மெஷின் சும்மாவே நிக்குது, இன்னையிலிருந்து நீயே பாத்துக்க என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அங்கப்பன் அந்த மெஷினுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டபோது எலெக்ட்ரீசியன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். குனிந்து வலது பட்டனின் மூடியைத் திறந்தான். விசாரணைக்காகத் திரும்ப மாட்டியிருந்த ஒயரைக் கழற்றி முனைகளை முறுக்கினான். மறைக்கவோ அவசரப்படவோ இல்லை. அங்கப்பன் ஓரடி தள்ளி நின்று அவனுக்கு வழிவிட்டார். இந்தத் தடவை யாரும் பக்கத்தில் நின்று சொல்லவில்லை. மூடியைப் போட்டுத் திருகிவிட்டு, "ஓட்டிப் பாருங்கண்ணா," என்றான்.

அங்கப்பன் உட்கார்ந்தார். தகட்டை வைத்தார். வலது கையை எடுத்து, செத்துப்போன அந்தப் பட்டன்மேலேயே வைத்துக்கொண்டு இடதை அமுக்கினார். பிரஸ் இறங்கி ஏறியது. தகட்டை எடுத்தார், அடுத்ததை வைத்தார், மறுபடி வலது கையைப் பட்டனுக்குக் கொண்டுபோனார். அப்படியே கொஞ்ச நேரம் ஓட்டினார்.

சூப்பர்வைசர் முடிந்த பீஸ்கள் கிடந்த தட்டைப் பார்த்தான். என்னங்கண்ணா, மத்தியானம் பலமா, கை தூங்குது என்றான். பக்கத்து மெஷின்காரன் சிரித்தான்.

அங்கப்பன் வலது கையைப் பட்டனிலிருந்து எடுத்தார்.