திருப்பிக் கொடுக்காத விளக்கு

1957 மார்கழி. செண்பகனூருக்குக் கீழே எங்கள் பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் மூடுபனிக்குள்ளிருந்து வந்து தந்தியை வாசித்தார். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் என் புருஷன் ஞானவேல் மேலே வரவில்லையாம், இறங்கித் தேடுகிறார்களாம். அழக்கூட வரவில்லை எனக்கு. தந்தியை மடியில் செருகிக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் பனிக்குள் ஆள் உயரத்தில் ஒரு வெளிச்சம் மிதந்து வந்தது. பட்டப்பகலில். பக்கத்தில் வந்த பிறகுதான் அதற்குக் கீழே அவர் முகம் தெரிந்தது. தலையில் தொப்பி, அதில் உஸ்ஸென்று எரியும் கார்பைடு விளக்கு. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன், நிஜம்தான்.

பாறை சரிந்து பக்கத்து ஆள் நசுங்கியதைப் பார்த்திருக்கிறார். மேலே வந்ததும் கால்கள் நேரே ரயிலடிக்கு நடந்துவிட்டன. விளக்கைத் திருப்பிக் கொடுக்கும் நினைப்பே இல்லை. ரயில், பஸ் எதிலும் தொப்பியைக் கழற்றாமல் வந்து, பனியில் வழி தெரிய விளக்கை மறுபடி பற்றவைத்திருக்கிறார், மகராசன்.

சோறு போட்டேன். தூக்கக் கலக்கத்தில் என்னென்னவோ பேசினார். பழைய ஆட்கள் தலைப்பாகையில் களிமண்ணை அப்பி மெழுகுவர்த்தி ஒட்டிக்கொண்டு இறங்குவார்களாம், புருவமெல்லாம் மெழுகாம். இப்போது அவரவர் நம்பர் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்து விளக்கு வாங்க வேண்டும், விளக்கைத் திருப்பினால்தான் வில்லை கைக்கு வரும்.

"வில்லை பலகையில தொங்குனா ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம். போன வருசம் எங்க கூட்டாளி சேனாதிபதி, அப்படி மேல வராத ஒருத்தரத் தேடி, சரியுற பாறைக்குக் கீழயே மூணு நாளு கெடந்தான்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அவருடைய வில்லை இப்போதும் தொங்குகிறது, அதனால்தான் இறங்கித் தேடுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. எழுப்பித் தந்தியைக் காட்டினால் அந்த நிமிஷமே ஓடிவிடுவார். காட்டவில்லை. பனி வாசல் வழியாக உள்ளே வந்து எங்கள் இருவரையும் மூடியது. உலகத்தில் வேறு யாருமே இல்லாத மாதிரி இருந்தது. மூன்று மணி நேரம் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், பாவி.

பிறகு தூக்கத்திலேயே அவர் விரல்கள் பாயைப் பறண்டின. யாரையோ தோண்டி எடுக்கிறார். எழுந்து தபாலாபீசுக்கு ஓடினேன். உயிரோடு இருக்கிறார், தேட வேண்டாம் என்று தந்தி அடிக்கச் சொன்னேன்.

மறுநாள் பதில் வந்தது. முதல் தந்தி வந்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். தேடப்போன நாலு பேரும் மேலே வந்துவிட்டார்கள், விளக்கை அனுப்பவும். ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வயிறெரிந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. விளக்கைத் துடைத்துப் பார்சல் கட்டினோம்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தந்தி வந்த ஒடனே வெரசா ஓடியிருக்கியே, அன்னக்கொடி. நாலு உசுரக் காப்பாத்திட்ட."

நான் சணலை இறுக்கி முடிச்சுப் போட்டேன். தந்தி எப்போது வந்தது என்று அவர் கேட்கவில்லை. இன்றுவரை நான் சொல்லவும் இல்லை.