இறுகப் பூட்டிய பின்பக்கம்

மூன்றாம் முறையும் தாங்கி கிழிந்துதான் வந்தது. முற்றத்தில் கட்டிலில் சாய்ந்தபடி காரின் ஆசனத்துக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்த ஸல்ஹா, படலைக்கு வெளியே எழுந்த கிறீச்சென்ற சத்தத்திலேயே அதை அறிந்துகொண்டாள்.

பின் ஆசனத்தில் அவளுடைய எடைக்கு மணல் மூடைகளை ஏற்றி, உப்புவெளி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார் அவள் கணவர் கலீல். பின் ஸ்பிறிங்கைச் சட்டத்தோடு பிடித்திருந்த அந்தத் தாங்கி இரும்பு, துளையோரமாக வெடித்திருந்தது.

"இன்னும் கனமாப் போடோணும்" என்றார்.

கூடப் போய்வந்த கொல்லன் சரீப் சிரித்தான். "ராத்தா, இவர் கார் செய்யல்ல. தோணிக்குச் சில்லு பூட்டுறார்."

சொன்னது பொய்யில்லை. கலீல் தோணி கட்டும் ஓடாவி. கழித்துவிட்ட இராணுவ லொறி ஒன்றின் ஸ்பிறிங், யாரோ விட்டுப்போன பழைய காரின் எஞ்சின், தன் கையால் அறுத்த பலகை. இப்படித்தான் அந்தக் கார் உருவாகிக்கொண்டிருந்தது. போன வருடம் ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்ட காலையில், ஸல்ஹாவின் முதுகில் சுவர் விழுந்தது. அவர் அப்போது துறைமுகத்தில் ஒரு படகுக்குக் கீழே படுத்திருந்தார். அதற்குப் பிறகு வீட்டில் எதையும் அவர் தளர விடவில்லை. கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். கட்டிலுக்கு நாலு முண்டுக்கட்டை. தாங்கியில் கூடும் ஒவ்வொரு கனமும் அந்தக் காலைதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததை வாய்விட்டுச் சொன்னால் அவர் தாங்கமாட்டார் என்பதும் தெரியும்.

நிலாவெளியில் தங்கை றஹ்மாவின் பிள்ளைக்கு வியாழக்கிழமை நாற்பதாம் நாள். உம்மா மௌத்தாகிவிட்டாள், அன்று அவள் இடத்தில் பிள்ளையை மடியில் வாங்க வேண்டியவள் ஸல்ஹா. மாட்டுவண்டியில் ஒருமுறை புறப்பட்டுப் பார்த்தாள். அரை மைல் போகுமுன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று.

அவள் கையிலிருந்த பிரம்பைப் பார்த்தாள். வளைத்து, பலகையில் கவிழ்த்து வைத்து, நடுவில் அழுத்தினாள். முனைகள் இரண்டும் வெளியே வழுக்கின. மறுபடி அழுத்தினாள்.

"இஞ்சருங்க, கொஞ்சம் வாங்க. இந்த ரெண்டு முனையையும் அசைய விடாமப் பிடிங்க."

அவர் குந்தியிருந்து பிடித்தார். அவள் அழுத்தினாள். பிரம்பு அவருடைய விரல்களைத் தள்ளியது. அவர் இன்னும் இறுக்கினார், நகம் வெளுத்தது.

"நோகுதா?"

"ஓம்."

"அந்த இரும்புக்கும் அப்பிடித்தானே நோகும். ஒரு கையை விடுங்க."

விட்டார். பிரம்பு பணிந்தது, அவள் கையை எடுத்ததும் நிமிர்ந்தது.

"தோணியில ஒண்டு ஆடினா தண்ணி வந்திடும் புள்ள" என்றார், மெதுவாக.

"காருக்குள்ள தண்ணி வராதே."

சரீப் வாயைப் பொத்திக்கொண்டான். கலீல் பிரம்பைத் தானே ஒருமுறை அழுத்திப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் சரீபிடம் உலையை ஊதச் சொன்னார்.

ஸ்பிறிங்கின் முன்முனையை இறுகவே பூட்டினார். தாங்கியைச் சட்டத்தின் நீளத்துக்குப் பட்டையாக விரித்து ஆறு இடத்தில் ஆணி அறைந்தார், பாரம் ஒரே துளையில் விழாதபடி. பின்முனையை மட்டும் இரண்டு இரும்புத் துண்டுகளில் தொங்கவிட்டார், முன்னும் பின்னும் ஆடுமாறு. ஆடவிடும்போது அவர் முகம், பிள்ளையை முதன்முதல் கடலில் இறக்கிவிடுகிறவரின் முகம்போல இருந்தது.

வியாழன் காலை மணல் மூடைகளை இறக்கிவிட்டு ஸல்ஹாவை ஏற்றினார். வலி இல்லாமலில்லை. ஆனால் பள்ளங்கள் அவளுக்குக் கீழே எங்கோ நடந்தன. அலையில் தூக்கிவிடுவதுபோல ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்தி இறங்கி, பின்னால் குனிந்து பார்த்தார்.

"இப்பிடிப் போனா பிள்ளைக்கு மீசை முளைச்சிடும்" என்றாள்.

நிலாவெளியில் அவள் இறங்குமுன்னே றஹ்மா ஓடிவந்து, காருக்குள்ளேயே பிள்ளையை மடியில் வைத்தாள். சூடான சிறு பாரம். கலீல் மறுபடியும் பின்சில்லுக்குக் கீழே படுத்திருந்தார். "கிழியல்ல" என்று அங்கிருந்தே கத்தினார், "ஸல்ஹா, கிழியல்ல!"

அவள் பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். அவர் பக்கமாகக் கையைக் கீழே நீட்டினாள். கிறீஸ் படிந்த விரல்கள் அதைப் பிடித்தன, இறுக்காமல்.