தனிச்சட்டி

ஞானசேகரம் உள்ளிப்பூண்டை நசுக்கிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் அப்படியே வைத்திருந்துவிட்டுத்தான் சட்டியில் போட வேண்டுமாம். கனடாவிலிருந்து மகள் கீர்த்தனி அனுப்பிய பட்டியலில் அப்படித்தான் இருந்தது. ‘புற்றுநோயைத் தடுக்க உதவக்கூடிய உணவுகள்’ என்று தலைப்பு. கோவா, தக்காளி, கீரை, மஞ்சள், தவிட்டரிசி, மாதுளை. முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் கந்தோரில் சுற்றுநிருபங்களுக்கு அடங்கி நடந்த மனுசன் அல்லவா, அதையும் அச்சடித்து, பிளாஸ்ரிக் உறை போட்டு, குசினிச் சுவரில் ஒட்டிவிட்டார். கிளினிக்கில் தாதி மிஸ்ஸி தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். மரக்கறியும் பழமும் நல்லது, வீட்டில் எல்லாருமே சாப்பிடலாம், ஆனால் எந்தச் சாப்பாடும் வருத்தத்துக்கு முழுக் காவல் இல்லை என்று. அதில் முதல் பாதிதான் ஞானசேகரத்தின் காதில் ஏறியது.

மனைவி கமலாதேவி கதிரையில் இருந்தபடி அவரைப் பார்த்தாள். மார்பில் சத்திரசிகிச்சை முடிந்து பதினொரு மாதம். கோவாவோடும் உள்ளியோடும் அவளுக்குக் கோபமில்லை. மனதை அரித்தது அந்தத் தனிச்சட்டிதான். ஒரு துண்டு மீனை மஞ்சளும் மிளகும் போட்டு அவளுக்கென்று ஒரு சட்டியில் காய்ச்சுவார். மேசையில் பரிமாறிவிட்டு, “நீர் சாப்பிடும், நான் பிறகு” என்பார். பிறகு குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, வேறொரு சட்டியிலிருந்து போட்டு, நின்றபடியே சாப்பிடுவார்.

முன்பெல்லாம் ஞாயிறு மத்தியானம் மீன்குழம்புச் சட்டிக்குள்ளேயே மிச்சச் சோற்றைக் கொட்டிக் குழைத்து, உருண்டை பிடித்து அவள் உள்ளங்கையில் வைப்பார். கடைசி உருண்டைக்கு இரண்டு பேரும் சின்னப்பிள்ளைகள் மாதிரிச் சண்டை பிடிப்பார்கள். இப்போது அவள் சாப்பிட்ட சட்டிக்குள் அவர் கை வைப்பதேயில்லை. இது தொற்றுகிற வருத்தமில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்தாலும் அருவருப்பு வரலாம்தானே. கேட்டுவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தாள். அவர் ஓம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? சாவுக்குப் பயந்ததைவிட அந்த ஓமுக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். ஒரு உருண்டைச் சோற்றுக்கு இந்த வயதில் இப்படி ஏங்குவதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

உள்ளிக்குப் பத்து நிமிடம் கிடைத்ததால் அவர் மாதுளை வாங்கச் சந்திக்குப் போனார். அந்த நேரம் பார்த்து மீன்காரன் றிப்தியின் ஹோர்ன் கேட்டது. கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவன். கமலாதேவி வாசல் படலைக்குப் போனாள்.

“தம்பி, ரெண்டு பேருக்குக் காணக்கூடியதா ஒரு பாரை தாரும்.”

“ரெண்டு பேருக்கா? ஐயாதான் மீனத் தொடமாட்டாரே அக்கா. உங்களுக்காக அம்மனுக்கு நேர்த்தி வச்சி அஞ்சு வருஷத்துக்கு விட்டிருக்காராமே. உங்களுக்குத் தெரியாதா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். றிப்தி பெட்டியை மூடினான். “ஒரு துண்டுதான் வாங்குவாரு. வாங்கிட்டுப் போகாம, கொஞ்ச நேரம் பெட்டிக்குள்ளயே பாத்துக்கிட்டு நிப்பாரு.”

வெள்ளிக்கிழமை ஒருநாள் மீன் இல்லையென்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற மனுசன். ஞானசேகரம் மாதுளைப் பையோடு வந்தபோது அவள் குசினி வாசலில் நின்றாள்.

“நீங்கள் மீனை விட்டதை மீன்காரன் சொல்லித்தானோ நான் அறியோணும்?”

அவர் பையைக் கீழே வைக்கவில்லை. “அஞ்சு வருஷம் கடக்கோணும் எண்டு டொக்டர் சொன்னவரெல்லே. அதுவரைக்கும் மீனைத் தொடமாட்டன் எண்டு அம்மனிட்டச் சொல்லிப்போட்டன். உம்மட சட்டியில மீன். அதுதான் எனக்கு வேற சட்டி.”

“அதை என்னட்டச் சொல்ல ஏலாதோ?”

“சொன்னா நீரும் விட்டிடுவீர். உமக்கு மீன் வேணும் எண்டு மிஸ்ஸி சொன்னவா. என்ர சோத்துக் கோப்பையைப் பாத்தா உமக்கு விளங்கிப்போடும், அதுதான் உள்ளுக்க நிண்டு சாப்பிட்டனான்.”

“நான் என்ன நினைச்சுக்கொண்டு இருந்தனான் எண்டு தெரியுமோ உங்களுக்கு?”

“என்ன நினைச்சனீர்?”

அவளுக்கு அதைச் சொல்லத் தேவையில்லாமல் போனதில் நெஞ்சு லேசாகி, அதே வேகத்தில் அழுகையும் வந்தது. விறுவிறென்று குசினிக்குள் போய் அவருடைய சட்டியைத் திறந்தாள். பருப்பு இருந்தது. கோவா வறையை அதற்குள் தட்டி, சோற்றைக் கொட்டி, தேசிக்காய் பிழிந்து, கையால் குழைத்தாள்.

“இதில மீன் இல்ல. வாங்கோ.”

“கை கழுவிப்போட்டு வாறன்” என்று அவர் பின்பக்கம் போனார். பைப் திறக்கும் சத்தம் கேட்டது. கையிலிருந்த உருண்டையை அவள் நீட்டிப் பிடித்தாள். அது சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கை. கொஞ்சம் தூக்கி வைத்திருந்தாலே கடுக்கும். கடுத்தது. பருப்பு வழிந்து முழங்கைக்கு வந்தது. ஒரு கையைக் கழுவ இவ்வளவு தண்ணீர் வேண்டியதில்லை. பைப் ஓடிக்கொண்டே இருந்தது, அதற்குள் அவர் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. அவள் கையை இறக்கவில்லை.